குதிரையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குக் கொடுத்துவிடும் சாமான் துண்டுகள்தான். அவற்றுக்கு முற்றுப்புள்ளி தேவைப்படவில்லை. மறதியும் சேர்ந்துவிட்டது. இந்தக் கொப்பியையே நேற்று அரிசி வாளிக்குள் வைத்துவிட்டு மத்தியானம் வரை தேடினேன். முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது சுகந்தி. நான் வேலை செய்த கலியாண மண்டபத்தில் இப்போது குதிரைகளைப் பார்ப்பவள் அவள். புதிதாக வந்த இரண்டும் அவளை முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டு திரிகின்றனவாம். "அன்ரி, நீங்கள் செய்ததை எங்கடை மண்டப மலருக்கு எழுதித் தாங்கோ. இல்லாட்டி நேரை வந்து எல்லாருக்கும் சொல்லுங்கோ" என்றாள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. எழுதுவது பரவாயில்லை. கொப்பி என்னை நிமிர்ந்து பார்க்காது.

நாங்கள் உரும்பிராயில் வெங்காயம் வைக்கிற ஆட்கள். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போனபின் நான் நல்லூர்ப் பக்கம் இருக்கிற அந்த மண்டபத்துக்கு வேலைக்குப் போனேன். சாப்பாட்டுப் பந்தி முடிய வாழையிலை எடுப்பது, கூட்டுவது, கழுவுவது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆட்கள் எழும்பிப் போன பிறகுதான் நான் உள்ளே போகவேண்டும்.

முதலாளி வெளிநாட்டில் இருந்து வந்து மண்டபம் கட்டியவர். என்னைவிட இருபது வயது இளையவர். ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளையைக் காரிலை கொண்டு வந்து இறக்க எல்லா மண்டபத்தாலையும் ஏலும். குதிரை வண்டியிலை கொண்டு வர ஆராலை ஏலும்? வாற கிழமை குதிரை வருது. இஞ்சை ஆர் மாடு வளர்த்தனீங்கள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். பேசாமல் நின்றதை முதலாளி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "அப்ப அக்கா குதிரையைப் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குதிரை நுவரெலியாவில் இருந்து லொறியில் வந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை. மண்ணிறம், நெற்றியில் விபூதிக் குறிபோல ஒரு வெள்ளை. அதனோடு பெரியசாமி ஐயாவும் இறங்கினார். நாற்பது வருடம் பந்தயக் குதிரை லாயத்தில் இருந்தவர். மூன்று மாதம் தங்கி, வண்டி ஓட்டும் கண்ணனையும் குதிரையைப் பார்க்கும் என்னையும் பழக்கிவிட்டுப் போவதாகப் பேச்சு. கண்ணன் அதற்கு முன் ஓட்டோ ஓட்டியவன், நாற்பது வயது. வண்டியில் ஏறியவுடன் அவன் கை ஹோர்ன் எங்கே என்று தேடும்.

"இதுக்குப் பேர் என்ன ஐயா?" என்று கண்ணன் கேட்டான். ஐயா சொன்னார். என் கையில் இருந்த வாளி கீழே விழுந்தது.

அது என் வீட்டுக்காரரின் பெயர்.

அவருக்கு அடையாள அட்டையில் நீளமான பெயர். ஊர் கூப்பிடுவது சுருக்கப் பெயர். அந்தச் சுருக்கப் பெயர்தான் குதிரைக்கும். என் வயதுப் பெண்கள் எங்கள் பக்கம் புருசன் பெயரைச் சொல்வதில்லை. கந்தோரில் "கணவர் பெயர்?" என்று கேட்டால் நான் அவரின் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டுவேன். கோவிலில் அர்ச்சனை என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவளைக் கொண்டு சொல்விப்பேன். இப்படியே முப்பத்தெட்டு வருடம் சமாளித்துவிட்டேன். குதிரைக்கு எந்த அட்டையைக் காட்டுவது? இந்தக் கொப்பியிலும் அந்தப் பெயரை எழுதவில்லை. வேண்டுமானால் சுகந்தி எழுதிச் சேர்க்கட்டும். குதிரையை இனி "அவர்" என்றுதான் எழுதுவேன். வீட்டில் இருப்பவரை "வீட்டுக்காரர்" என்று எழுதுவேன். குழம்பவேண்டாம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்.

"முழுப் பேருமோ?" என்றார்.

"இல்லை. ஊர் கூப்பிடுற பேர்."

இன்னும் இரண்டு பிடி கட்டினார். பிறகு, "நல்ல குதிரையோ?" என்றார்.

"ஓம். நல்ல வடிவு."

"அப்ப இருக்கட்டும்."

அடுத்த நாளே ஒரு கட்டு வெங்காயத் தாளைத் தந்துவிட்டார், தன் பெயர் கொண்டவருக்கு முதல் வரிசையாக. பெரியசாமி ஐயா அதை வாசலிலேயே பறித்துவிட்டார். வெங்காயம் குதிரைக்கு ஆகாதாம், இரத்தத்தைக் கெடுக்குமாம். இதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "என்ரை பேரை வைச்சுக்கொண்டு வெங்காயம் தின்னாதோ?" என்று இரண்டு நாள் மனம் நொந்துபோனார்.

பெயரை மாற்ற முடியாதா என்று கண்ணனைக் கொண்டு ஐயாவிடம் கேட்பித்தேன். எனக்குக் கேட்க வெட்கம்.

"ஒம்பது வருஷமா அந்தப் பேருதாங்க. எடம் மாறிப்போச்சு, தண்ணி மாறிப்போச்சு. பேரும் மாறினா அது யாருன்னு அதுக்கே தெரியாது" என்றார் ஐயா. பிறகு என்னிடமே திரும்பி, "ஏம்மா, வீட்ல ஐயாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"இஞ்சாருங்கோ எண்டு."

"அதையே கூப்பிடுங்க. மரியாதையாத்தானே இருக்கு."

ஐயா மலையகத்து ஆள். எங்கள் ஊரில் அந்தச் சொல் எத்தனை பேரின் வாயில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது தோன்றவில்லை. அந்தப் பிழையில் பாதி என்னுடையது.

பெரியசாமி ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மெலிந்த மனிதர். யாழ்ப்பாணத்து வெய்யிலிலும் கம்பளித் தொப்பி. இஸ்திரி போட்டு மினுக்கிய சேட்டு. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருப்பார். கதிரை போட்டுக் கொடுத்தால் அதில் சேட்டை மடித்து வைப்பார். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கி வெறும் தேத்தண்ணீர் குடிப்பார். ஐயா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நாங்கள் ஏதாவது பிழையாகச் செய்தால் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைப்பார். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு நானும் கண்ணனும் பயப்பட்டதுபோல் குதிரைகூடப் பயப்படவில்லை.

முதல் கிழமை கயிற்றைத் தொடவே விடவில்லை. இருந்து பார்க்கச் சொன்னார்.

"என்னத்தைப் பாக்கிறது ஐயா?" என்றான் கண்ணன்.

"காதைப் பாருங்க. காது எங்க போகுதோ மனசு அங்க போகுது."

பார்த்தோம். ஒரு காது என் பக்கம், ஒரு காது கண்ணன் பக்கம். கண்ணன் இருமினால் அந்தக் காது அசையும். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் பக்கக் காதும் கண்ணன் பக்கம் போய்விட்டது. மனிதர்களும் என்னிடம் இப்படித்தான்.

இரண்டாம் கிழமை கயிறு தந்தார். மூன்று பாகம், பதினெட்டு அடி நீளம். கையில் சுற்றக்கூடாது, மடித்துப் பிடிக்கவேண்டும். சுற்றினால் குதிரை ஓடும்போது கையும் கூடப் போகும். முகத்துக்கு நேரே நிற்கக்கூடாது, இடப்பக்கத் தோளோடு நிற்கவேண்டும். நான் நடந்தால் அவர் நடக்கவேண்டும். நான் நின்றால் அவர் நிற்கவேண்டும். என்னைத் தாண்டிப் போனால் இழுக்கக்கூடாது. திரும்பி அவரின் நெஞ்சைப் பார்த்து நின்று, கயிற்றை இலேசாக அசைத்து, ஒரு அடி முன்னே வைக்கவேண்டும். அவர் ஒரு கால் பின்னால் வைத்தாரோ இல்லையோ, அந்தக் கணமே கயிற்றைத் தொய்யவிடவேண்டும். கழுத்தின் அடியில் சொறிந்துவிடலாம். தட்டக்கூடாது.

"இழுத்துப் பிடிச்சா அதுக்குப் பயம். தொய்ய விட்டாத்தான் அதுக்குப் பதில் கிடைக்குது" என்பார் ஐயா. கயிறு நடுவில் தொய்ந்து ஒரு வளைவாகத் தொங்கினால் வேலை சரி. நேராக இறுகினால் கோப்பை கீழே போகும்.

கேட்க இலேசாக இருக்கும். ஆனால் நான் பிறந்ததிலிருந்து வழிவிட்டே பழகியவள். பஸ்ஸில், கடையில், கிணற்றடியில், யார் வந்தாலும் என் கால் தானாகப் பின்னால் போய்விடும். அவர் வந்தாலும் போனது. அவர் ஒரு அடி வைப்பார், நான் இரண்டு அடி பின்னால் போவேன். லாயத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கினால் மறுபக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நிற்பேன். அவர் என் மடியில் இருக்கும் கரட்டை எடுத்துத் தின்றுவிட்டு, என் தோளில் வாயைத் துடைப்பார்.

"இன்னைக்கு நீங்க பதினேழு வாட்டி பின்னால போனீங்கம்மா. குதிரை ஒரு வாட்டியும் போகல" என்றார் ஐயா ஒருநாள் பின்னேரம்.

"அவருக்கு என்னிலை கோவமோ ஐயா?"

"கோவம் எல்லாம் இல்லீங்க. நீங்க நிக்கிற எடம் காலியா இருக்குன்னு நெனைக்குது."

அன்றைக்கு அவர் என் கால் பெருவிரலை மிதித்துவிட்டார். அவர் பிழை இல்லை. காலியான இடத்தில் காலை வைத்தார். விரல் வெங்காயம்போல வீங்கியது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். அவர் வழமைபோலக் கரட்டை நோக்கி வந்தார். பின்னால் போக நினைத்தேன். விரல் விடவில்லை. வேறு வழியில்லாமல் நின்றேன்.

அவரும் நின்றார்.

நெஞ்சுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண். அவர் தலையைச் சரித்து, "இது எப்ப இஞ்சை வந்தது?" என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் கயிற்றை இலேசாக அசைத்தேன். இடக் காலை ஒரு அடி பின்னால் வைத்தார். நான் உடனே கயிற்றைத் தொய்யவிட்டேன். அவர் வாயைச் சப்பி, நாக்கால் உதட்டை நக்கி, தலையைத் தாழ்த்தினார். குதிரைக்கு ஒரு விசயம் விளங்கினால் அப்படித்தான் செய்யும் என்று ஐயா சொல்லியிருந்தார். திரும்பி ஐயாவைப் பார்த்தேன். கோப்பை கையில்தான் இருந்தது.

இதைத் துணிவு என்று கண்ணன் பிறகு ஊர் முழுக்கச் சொன்னான். துணிவு இல்லை, வீக்கம். ஆனால் விரல் ஆறின பிறகும் நான் பின்னால் போகவில்லை.

இரண்டாம் மாதத்தில் அவர் நான் கூப்பிட்டவுடன் வந்தார். "இஞ்சாருங்கோ" என்றால் போதும். மேய்கிற இடத்தில் இருந்து தலையைத் தூக்கி, காது இரண்டையும் என் பக்கம் வைத்து, நேராக வந்து நிற்பார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, என்ரை மனிசி கூப்பிட்டாலும் நான் இப்பிடி வாறேல்லை" என்றார்.

இப்போது முதல் கலியாணத்துக்கு வருகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மாப்பிள்ளை வீடு மண்டபத்தில் இருந்து கால் மைல். முன்னால் மேளக்காரர், பிறகு குதிரை வண்டி, வண்டியில் மாப்பிள்ளையும் தோழனும். ஓட்டுவது கண்ணன். நான் குதிரையின் தோளோடு நடந்து வரவேண்டும் என்பது ஐயாவின் கட்டளை. ஆனால் வீடியோக்காரர் இரண்டு பேர் முன்னால் பின்பக்கமாக நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டவுடன் நான் மெல்ல நழுவி, தவில்காரருக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வந்தேன்.

மண்டப வாசல் வரை அவர் அருமையாக வந்தார். வாசலில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கால் கழுவச் செம்போடு நின்றான். இரண்டு பெண்கள் ஆலாத்தித் தட்டோடு நின்றார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, தட்டில் வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி, அதில் திரி குத்தி வைத்திருந்தார்கள். திரி இன்னும் கொளுத்தவில்லை. அந்த நேரம் பெண்ணின் பெரியம்மா படியில் நின்று, கூட்டத்தில் எங்கேயோ நின்ற தன் புருசனைப் பார்த்துக் கூப்பிட்டார்:

"இஞ்சாருங்கோ! கெதியா வாங்கோ!"

அவர் தலையைத் தூக்கினார். காது இரண்டும் படிப்பக்கம் போயின. போனார்.

கண்ணன் வாரை இழுக்கிறான். வண்டி, மாப்பிள்ளை, தோழன் எல்லாம் சேர்த்துப் பெரியம்மாவிடம் போகிறார்கள். பெரியம்மா ஒரு பக்கம் விலகுகிறார், அவர் அந்தப் பக்கம் போகிறார். பெரியம்மா ஓடுகிறார், அவர் மரியாதையாகப் பின்னால் போகிறார். பெரியம்மா செருப்பு வைக்கும் தட்டிக்குப் பின்னால் புகுந்துகொண்டு திரும்பவும், "இஞ்சாருங்கோ, என்னைக் காப்பாத்துங்கோ!" என்று கத்தினார். அதுதான் செய்யக்கூடாத வேலை. அவர் தட்டிக்கு மேலால் தலையை விட்டு, பெரியம்மாவின் தோளில் வாயைத் துடைத்தார்.

பெரியப்பா அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். "என்னப்பா, கூப்பிட்டனீரோ?" என்றார்.

நான் தவிலுக்குப் பின்னால் இருந்து ஓடி வருவதற்குள் அவர் ஆலாத்தித் தட்டுக்குப் போய்விட்டார். மூன்று வாழைப்பழத் துண்டையும் திரியை விட்டுவிட்டுத் தின்று முடித்தார். புதிதாகப் பழம் வெட்டி, திரி குத்தி, ஆலாத்தி எடுத்து முடியச் சுபமுகூர்த்தத்துக்கு நாலு நிமிடம்தான் இருந்ததாம். ஐயர் வியர்வையோடு மந்திரம் சொன்னார்.

மறுநாள் முதலாளி லாயத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அடுத்த கலியாணம் வாற மாசம். அதிலையும் இப்பிடி ஏதும் நடந்தால் லொறியைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பிப்போடுவன். என்னாலை ஏலாது அக்கா. சனம் சிரிக்குது."

முதலாளி போனபின் ஐயாவிடம் கேட்டேன், "அவர் திரும்பி நுவரெலியாவுக்குத்தானே போவார் ஐயா?"

ஐயா கம்பளித் தொப்பியைக் கழற்றினார். "ஓடாத குதிரைக்கு அங்க எடம் இல்லீங்கம்மா. யாராச்சும் வாங்குவாங்க. யாருன்னு சொல்ல முடியாது."

அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை இடம் மாறியாகிவிட்டது. மூன்று மாதம் என்றால் என்ன, நாற்பது வருடம் என்றால் என்ன, எனக்காக வந்து நின்றவர் அவர். நான்தான் அவர் தோளில் இருந்து நழுவிப்போனவள்.

"எல்லாம் என்ரை பிழை" என்றேன்.

"குதிரை தப்புப் பண்ணலீங்க. கூப்பிட்டாங்க, போச்சு. அந்த ஊரே உங்க குதிரையைக் கூப்பிடும்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். அது அவர் மன்னிப்புக் கேட்ட விதம். தன் மூன்று மாதத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் நிற்பதாகவும் சொன்னார். "இனிமே வாயை மூடிக்கிட்டு ஆரம்பத்துல இருந்து. பேரும் வேணாம், இஞ்சாருங்கோவும் வேணாம். உங்க காலும் கயிறும் பேசட்டும்."

வாயை மூடுவது எனக்குக் கை வந்த வேலை. ஆனால் காலும் கயிறும் பேசவேண்டும் என்றால் அது எப்படிப் பேசுகிறது என்று மறுபக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அவரிடம் கேட்க முடியாது. ஆகவே வீட்டுக்காரரைக் கேட்டேன்.

எங்கள் வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில், வீட்டுக்காரரின் இடுப்பில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டினேன். மறுநுனி என் கையில். கண்ணை மூடச் சொன்னேன். நான் நடந்தேன், அவர் நடந்தார். நான் நின்றேன், அவர் என்மேல் முட்டினார்.

"என்னெண்டு எனக்குத் தெரியும் நீ நிண்டது?"

"கயித்திலை தெரியேல்லையோ?"

"நீ இழுத்தால் எனக்கு எதிர்த்து நிக்கத்தான் மனம் வருது. தொய்ய விட்டால்தான் நீ என்ன செய்யிறாய் எண்டு யோசிக்கத் தோணுது. முதல் மெதுவாய் நட, பேந்து நில். பொத்தெண்டு நிக்காதை."

இது நல்ல புத்தியாக இருந்தது. நிற்பதற்கு முன் மூச்சை வெளியே விட்டு, நடையைக் குறைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே சரியாக நின்றார். பின்னால் போகப் பழக்கினேன், போனார். கழுத்தடியில் சொறிந்துவிட்டேன். "உது வேண்டாம்" என்றார். ஆனால் தலையைத் தாழ்த்தினார்.

அந்த நேரம் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பூமணி மச்சாளின் தலை தெரிந்தது.

"என்ன மச்சாள், மனுசனைக் கட்டிப்போட்டிருக்கிறியள்?"

நான் வெட்கத்தில் கயிற்றைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் ஓடப் பார்த்தேன். கயிறு வீட்டுக்காரரின் இடுப்பில் கட்டியிருந்ததை மறந்துபோனேன். அவரும் கண்ணை மூடினபடி என் பின்னால் வந்தார்.

"பழக்கிப்போட்டியள்!" என்றார் பூமணி மச்சாள். "எனக்கும் ஒரு கயிறு தாங்கோ."

மறுநாள் உரும்பிராய்ச் சந்தி வரை கதை போய்விட்டது. வீட்டுக்காரரைக் கண்டவர்கள், "அண்ணை, இண்டைக்கு அவிட்டு விட்டிட்டாவோ?" என்று கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "கலியாணத்துக்கு ஆயத்தப்படுத்துறா" என்று மட்டும் சொன்னாராம்.

லாயத்தில் ஒரு மாதமும் நான் ஒரு சொல் கதைக்கவில்லை. நடந்தோம், நின்றோம், திரும்பினோம், பின்னால் வைத்தோம். அவரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நான் சரிந்து நடந்தால் அவர் பின்காலைக் குறுக்காக வைத்துத் திரும்பினார். பிறகு ஐயா பயம் காட்டும் சாமான்களைக் கொண்டு வந்தார். குடை. சொப்பிங் பை. கண்ணன் தகரத்தில் தட்டினான். ஐயா ஒரு வழி காட்டினார். பயப்படும் சாமானைக் குதிரையிடம் கொண்டு வரக்கூடாது. குதிரையைச் சாமானுக்குப் பின்னால் கொண்டு போகவேண்டும். கண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, நாங்கள் பின்னால் நடந்தோம். முதலில் அவர் மூக்கை ஊதினார். நாலாம் சுற்றில், குடை தன்னைக் கண்டு ஓடுகிறது என்று நினைத்துவிட்டார். நடையே மாறிப்போனது.

கடைசிக் கிழமை மண்டபத்துப் பெண்கள் எட்டுப் பேரையும் முற்றத்தில் சுற்றி நிறுத்தி, ஒருவர் மாறி ஒருவர் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடச் சொன்னார் ஐயா. முதல் நாள் அவர் எல்லோரிடமும் போகப் பார்த்தார். நான் நடக்காமல் நின்றேன். கயிறு தொய்ந்தபடி இருந்தது. மூன்றாம் நாள், கூப்பிட்டவர் பக்கம் ஒரு காது மட்டும் போனது. மற்றக் காது என்னிடமே இருந்தது. அந்த ஒரு காது எனக்குப் போதும்.

இரண்டாவது கலியாணத்துக்குப் புதுச் சேலை கட்டினேன். வீடியோவுக்காக அல்ல. ஒளிக்கப் போவதில்லை என்று எனக்கு நானே காட்டுவதற்காக. சந்தியில் வீட்டுக்காரர் சோடாக் கடைக்கு முன்னால் நின்றார், வேட்டி சால்வையோடு. கலியாணத்துக்கு அழைப்பு இல்லை. பார்க்க வந்தவர்.

பாதி வழி நன்றாகப் போனது. பெண்கள் இருபக்கமும் தங்கள் புருசன்மாரைக் கூப்பிட்டபடியே வந்தார்கள். "இஞ்சாருங்கோ, பையைத் தாங்கோ." "இஞ்சாருங்கோ, மழை வருமோ?" ஒவ்வொரு முறையும் ஒரு காது போய் வந்தது. நான் தோளோடு நடந்தேன்.

அப்போதுதான் தலைக்கு மேல் ட்ரோன் வந்தது. அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெரிய வண்டு இரைவதுபோல இரைந்துகொண்டு இறங்கி, அவர் முகத்துக்கு முன்னால், இரண்டு பாகத் தூரத்தில் நின்றது. அவர் தலையை மேலே எறிந்தார். பக்கவாட்டில் ஒரு அடி, இன்னொரு அடி. வண்டிச் சில்லு உருண்டு, தெருவோரத்து வாய்க்காலான கானுக்கு ஒரு முழத்தில் நின்றது. மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார், தோழன் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டான். கண்ணன் பயத்தில் அவரின் பெயரைச் சொல்லி, "நில்லடா!" என்று பலத்துக் கத்தினான்.

சோடாக் கடையில் இருந்து கூட்டத்தோடு நடந்து வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றார். குதிரை நிற்கவில்லை.

என் கை கயிற்றை இழுக்கத்தான் போனது. என் கால் பின்னால் போகத்தான் எழும்பியது. அந்த நேரம் நான் நினைத்ததெல்லாம் லொறிதான். இழுத்தால் எதிர்க்கத்தான் மனம் வரும். மூச்சை வெளியே விட்டேன். கயிற்றைத் தொய்யவிட்டேன். அவர் கண் என்னைத் தேடியது. நான் ட்ரோனை நோக்கி ஒரு அடி வைத்தேன், குடைக்குப் பின்னால் போனதுபோல. அவரும் ஒரு அடி வைத்தார். சில்லு கானைவிட்டு விலகியது.

ட்ரோன்காரத் தம்பி, குதிரை தன்னுடைய சாமானை நோக்கி வருகிறது என்று பயந்து அதைப் பின்னால் எடுத்தார். அவ்வளவுதான் தேவை. குதிரைக்கு விளங்கிவிட்டது, இதுவும் குடைதான். காது இரண்டும் முன்னால் போயின. ட்ரோன் ஓட ஓட நாங்கள் பின்னால் நடந்தோம். ஓடவில்லை, நடைதான். ஆனால் நல்ல நடை. மேளக்காரரைத் தாண்டிவிட்டோம். நாதஸ்வரக்காரர் வாசித்தபடி பின்னால் ஓடி வந்தார். மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முக்கால் மணிநேரத்துக்கு முன்னதாக வந்து இறங்கினார். பெண்ணின் தம்பியின் கைக்கு மாப்பிள்ளையின் கால் கழுவத் தண்ணீர்கூட வந்து சேரவில்லை.

நான் மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி கைத்தொலைபேசியில் யாருக்கோ சொல்வது கேட்டது: "ஓம் தம்பி, நாளைக்கு எண்டு சொன்ன லொறி வேண்டாம். இல்லை, ஒரு நாளும் வேண்டாம்." பெரியசாமி ஐயா தூரத்தில் கவிழ்த்த வாளியில் இருந்தார். கோப்பையைத் தூக்கி எனக்குக் காட்டினார். அவர் பாராட்டியதற்கு அதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை.

வீட்டுக்குப் போகும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன், "குதிரையைத்தானே நில் எண்டவன். நீங்கள் ஏன் நிண்டனீங்கள்?"

"ஒருத்தராவது நிக்க வேண்டாமோ?" என்றார்.

அதன்பின் முழங்கால் ஏலாமல் போகும் வரைக்கும் குதிரையோடு நடந்தேன். எத்தனை கலியாணம் என்று கணக்கு இல்லை. அவர் இப்போதும் லாயத்தில்தான் இருக்கிறார். வண்டி இழுப்பதில்லை, மேய்கிறார்.

சுகந்திக்கு நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். ஒரு விசயம் மட்டும் யாராவது பார்த்துச் சொல்லவேண்டும். ட்ரோன் இறங்கிய நேரம் நான் கயிற்றைத் தொய்யவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். கண்ணன் இல்லை என்கிறான். நான் இறுக்கிப் பிடித்ததால்தான் வண்டி கானுக்குள் போகவில்லை என்று இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறான், எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து. என் கைக்கு அது தொய்ந்ததாகத்தான் நினைவு. ஆனால் கையும் மறக்கும். அந்த வீட்டாரிடம் வீடியோ இருக்குமாம். எனக்கு என்னைப் பார்க்க வெட்கம், இதுவரை பார்க்கவில்லை. மலர் வேலை செய்கிற பிள்ளைகள் யாராவது அந்த இடத்தில் நிற்பாட்டி, கயிற்றை மட்டும் பாருங்கள். வளைந்து தொங்கினால் நான் எழுதினபடியே போடுங்கள். நேராக இருந்தால் கண்ணன் சொன்னதைப் போடுங்கள், அச்சடிக்க முதல் எனக்கு மட்டும் வந்து காதோடு சொல்லுங்கள். லாயத்தில் இருக்கும் அவரிடம் போய் நான் ஒருக்கால் மன்னிப்புக் கேட்கவேண்டும்.